கோடு போட்ட டம்ளர்கள்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி கேஷவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆசீர்வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத எழுத எனக்குக் கோபம் வரும், கடைசியில் மறந்தாலும் மறந்துவிடுவேன். நன்றாக இரு. அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பாதி வேகாத காய்கறியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

இந்தக் காலத்தில் ஜெர்மனியில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தபாலாபீசில் இருக்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கப் போகிறாள். என்ன செய்ய? நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. போன மாதம் ஒரே ஒரு பதில் போட்டாய். "ஏம்மா இப்படி?" அவ்வளவுதான். பெற்று வளர்த்துப் படிக்க வைத்தவளுக்கு இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் இத்தனை பக்கம் பதில். முழுசாகப் படி.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகும் வலது கண் மங்கல்தான் என்கிறார். இந்த வருஷம் மழை நம் தெருவை விட்டுவிட்டது. முடிச்சூர்ப் பக்கம் மறுபடியும் முழங்கால் தண்ணீர். எதிர் வீட்டு ஜெயகிருஷ்ணன் சார் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள், நாள் முழுக்க டமார் டமார் என்று ஒரே இரைச்சல். இருக்கட்டும் என்று தோன்றுகிறது. நம் வீட்டுக்குள்தான் சத்தமே இல்லை. உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. "போதும்", "மாத்திரை எங்கே", இந்த இரண்டும்தான் ஒரு நாள் பேச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மஹாலட்சுமி குழந்தையை அழைத்துக்கொண்டு ஊரப்பாக்கத்துக்குப் போய்விட்டாள். அவள் பட்டறைக்குப் பின் தெருவில் ஒரு மாடி போர்ஷன். உனக்குத் தெரிந்ததுதான். நான் போகச் சொல்லவில்லை, இதை நீ முதலில் மனதில் வாங்கிக்கொள். நான் வாயையே திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. அதுதான் என் பயமே. கத்துகிறவளாக இருந்தால் நானும் நாலு கத்து கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகப் போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு போகிறவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

நீ ஒரகடத்தில் வேலை பார்த்தபோது ஒரு நாள் வந்து, "என் கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். கோவளம். அவ அப்பா தாமோதரன், போட்டுல மீன் பிடிக்கக் கடலுக்குப் போறவர்" என்று சொன்னாய். நான் என்ன செய்தேன்? விஷம் குடித்தேனா? உன் பெரிய அத்தை மாதிரி போர்த்திக்கொண்டு படுத்தேனா? ஒரு நாள் அழுதேன். மறுநாள் அவளுக்குக் கூறைப்புடவை எடுக்க தி.நகர் போனேன். காலனியில் அவனவன் வாய்க்கு வந்தபடி பேசினான். ஒருத்தருக்கும் நான் பிடிகொடுக்கவில்லை. அவளுக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். பிறந்த வீட்டுக்குப் போய் மீன் சாப்பிட்டால், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் இங்கே வருவாள். நான் சொல்லிச் செய்யவில்லை, அவளாகவே. பூஜை அறை வாசற்படியோடு நின்றுகொள்வாள். அதுவும் அவளாகவே. "நீ ஒரு நாளாவது உள்ளே வான்னு கூப்பிட்டியா" என்று உன் அப்பா இப்போது குத்திக் காட்டுகிறார். வராதே என்றும் நான் சொன்னதில்லையே.

அவள் கெட்டிக்காரத்தனத்தை நான் என்றைக்காவது குறைத்துப் பேசியிருக்கிறேனா? நீ ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, "நான் வந்துட்டா என் லேத்தை யார் பாக்கறது" என்று தான் சொந்தமாகப் போட்ட பட்டறைக்காக இங்கேயே நின்றவள் அவள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் ஸ்கூலில் சயின்ஸ் எடுத்த நான், அந்தக் கம்ப்யூட்டர் லேத்தை முதல் தடவை பார்த்து வாயைப் பிளந்தேன். முரட்டு டம்ளரை உள்ளே மாட்டிக் கதவைச் சாத்தி ஒரு பச்சைப் பொத்தானை அமுக்குகிறாள். உள்ளே பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் பீச்சியடிக்கிறது. கதவைத் திறந்தால் அதே டம்ளர் கண்ணைப் பறிக்கிறது. விளிம்பில் உதட்டை வைத்துத் தேய்த்தாலும் ஒரு பிசிறு கிடையாது. அவள் செய்கிற காபி ஃபில்டர் அமெரிக்கா வரைக்கும் போகிறது. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் உட்கார்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஒரு சொட்டு வெளியே வழியாது. காலனி மாமிகளை ஆட்டோ வைத்து அழைத்துப் போய்க் காட்டினேன். "உங்காத்து மாட்டுப்பெண்ணெல்லாம் சாஃப்ட்வேர், என் மாட்டுப்பெண் ஹார்டுவேர்" என்று ஜம்பமாகச் சொன்னேன். இதையெல்லாம் யாரும் இப்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

வம்பு அந்த மெஷினால்தான் வந்தது. போன வருஷம் தீபாவளிக்கு ஒரு பெட்டி நிறைய டம்ளரும் டபராவும் கொண்டுவந்து இறக்கினாள். "அம்மா, வீட்ல பத்து தினுசு டம்ளர் இருக்கு. ஒண்ணு நசுங்கினது, ஒண்ணு கால் ஆடறது. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம். இனிமே நம்ம டம்ளர்தான்" என்றாள். சொன்னவள் அன்றைக்கே பழசையெல்லாம் தெருவில் வந்தவனிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டாள். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

புது டம்ளர் எல்லாம் அச்சு அசலாக ஒன்று போல இருந்தன. அதுதான் அவள் தொழிலுக்குப் பெருமை. "முதல் டம்ளருக்கும் ஆயிரமாவது டம்ளருக்கும் தலைமுடி அளவு கூட வித்தியாசம் வராதும்மா" என்பாள். எனக்கு அதுவே பெரிய சங்கடமாகப் போயிற்று. பழைய டம்ளர்கள் இருந்தவரை ஒரு குழப்பமும் இல்லை. பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற அங்காளம்மாவுக்கு வாய் அகன்ற டம்ளர். உன் மாமனார் வந்தால் பூப்போட்ட டம்ளர். யாருக்கும் எதுவும் தெரியாது, யார் மனசும் நோகாது. என் மாமியார் காலத்திலிருந்து இந்த வீட்டில் இருக்கிற வழக்கம். நீயும் பார்த்து வளர்ந்தவன்தானே? அங்காளம்மாவுக்கு முன்னால் வேலைக்கு இருந்தவளுக்கு, கொல்லைப்புறத்து மாடத்திலிருந்து டம்ளரை எடுத்துவந்து கொடுத்தவனே நீதான். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டாயா? இப்போது மட்டும் "ஏம்மா இப்படி" என்கிறாய்.

அதனால் மஹாலட்சுமியிடம் சொன்னேன், ஆறு டம்ளருக்கு மட்டும் அடியில் சின்னதாக ஒரு கோடு போட்டுக் கொடு, அடையாளத்துக்கு என்று. அவள் உடனே, "அப்பாவோட சர்க்கரை போடாத காபிக்கா? சூப்பர் ஐடியாம்மா" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதையும் மனதில் வாங்கிக்கொள், நான் பொய் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

அப்பாவுக்குக் கண் மங்கல் என்பதால், பார்க்காமலே விரலால் தடவினால் தெரிகிற மாதிரி அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு வந்தாள். ஆழமாக வெட்டினால் அழுக்கு சேருமாம், மேலாக வெட்டினால் விரலுக்குத் தெரியாதாம். அவள் பட்டறையில் மெஷின் ஓட்டுகிற சவுரிமுத்து பிறகு ஒரு நாள் சொன்னான். "அந்தக் கோடு சரியா வரணும்னு அக்கா அன்னிக்கு எத்தினி டம்ளர வேஸ்ட் பண்ணாங்க தெரியுமாமா. அப்பா கையில கீறக் கூடாது, அப்பா கையில கீறக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க" என்றான். கேட்டபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் போட்ட கோடு போட்டதுதானே என்று விட்டுவிட்டேன்.

கோடு போட்டது மேல் தட்டு, போடாதது கீழ்த் தட்டு. அப்படித்தான் அடுக்கினேன். அப்பா ஒரு நாள் டம்ளரைத் தடவிப் பார்த்து, "எனக்குன்னு கோடு போட்டாளே, அது எங்கே?" என்று கேட்டார். பேசாமல் குடிங்கோ என்றேன். அந்தப் பக்கம் அங்காளம்மா உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே தெரிந்த மனுஷர், இப்போது என்னமோ நேற்றுத்தான் கண் திறந்த மாதிரி நடந்துகொள்கிறார்.

மஹாலட்சுமிக்கு எதில் கொடுத்தாய் என்று நீ கேட்பாய். கேள். அவள் காலையில் பறந்தடித்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்புகிறவள். கைக்கு எது வந்ததோ அதில் கலந்து கொடுத்தேன். கைக்கு மேல் தட்டுதான் எட்டியது. ஆரம்பத்தில், "அம்மா, அப்பா டம்ளர் எனக்கு வந்துடுச்சு" என்று சிரிப்பாள். எல்லாம் ஒன்றுதான், குடி என்பேன். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

குழந்தை சின்மயியின் பிறந்தநாளுக்கு உன் மாமனார் வந்தார். இரண்டு கையிலும் இளநீர்க் குலை. கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். குளித்து, சலவை வேட்டி சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, இங்கே ஒரு வாடையும் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை. நான் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வடை, பாயசம், வாழையிலை. சாப்பிட்ட பிறகு காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மிச்ச வடையைக் கட்டிக் கொடுக்கலாம் என்று திரும்பினேன். அவர் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுக்கக் கை நீட்டியிருக்கிறார். குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "கோவளம் தாத்தா, அது உனக்கில்ல. கோடு போட்டதுதான் உனக்கு" என்றது.

அவர் சிரித்துக்கொண்டே, "ஏன் கண்ணு அப்டி?" என்று கேட்டார். "கோடு போட்டது உனக்கு, அம்மாக்கு, அங்காளம்மாக்கு. போடாதது எங்களுக்கு. பாட்டி அப்படித்தான் வைப்பா" என்றது குழந்தை. இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, தப்பில்லாமல் சொன்னது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன் மாமனார் பெரிய மனுஷர். அதைச் சொல்லத்தான் வேண்டும். "எதுல குச்சா இன்னா கண்ணு, உங்க பாட்டி போட்ட காபி ஷோக்காகீது" என்று சொல்லி, கோடு போட்ட டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கொல்லையில் போய் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். எப்போது வந்தாலும் அப்படித்தான் செய்வார், மரியாதை தெரிந்த மனுஷர் என்று நான் நினைத்துக்கொள்வேன். "போட்டுக்கு ஆளு வரும், நான் கெளம்பறேன் சம்மந்தி" என்று கைகூப்பிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

மஹாலட்சுமி தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டை விரலால் அதன் அடியைத் தடவிக்கொண்டே நின்றாள். "அப்ப இது சர்க்கரைக்கு இல்லையாம்மா?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் கேட்டாள். பால் பொங்குகிறது என்று சொல்ல அப்போது அடுப்பில் பால் கூட இல்லை.

மறுநாள் காலையில் வீட்டில் இருந்த டம்ளர் அத்தனையையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குப் பழசோடு போகாமல் தப்பிய, என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த பித்தளை டம்ளரைக் கூட விடவில்லை. நான் காபியைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். சாயங்காலம் சவுரிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தான். ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். எல்லாவற்றிலும் கோடு. ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில். பித்தளை டம்ளரில் என் பேர் வெட்டியிருக்குமே, அதற்கு மேலேயும் ஓடுகிறது. எது யாருடையது என்று பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. சவுரிமுத்து என்னிடம் ரகசியமாக, "அர்ஜன்ட் ஆர்டர் கீதுமா, அத்த நிறுத்திட்டு இத்தப் போட்டாங்க. சாப்டக் கூட இல்ல. இன்னா கேட்டாலும் பேசல" என்றான்.

அப்புறம் அவளே டிகாக்ஷன் இறக்கிக் காபி கலந்து எல்லோருக்கும் கொண்டுவந்தாள். அப்பா வாங்கினார். அடியைத் தடவினார். குடித்தார். குழந்தை பால் குடித்தது. எனக்கும் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை அவள் உனக்குச் சொன்னாளோ என்னமோ. கையில் வைத்துக்கொண்டே இருந்ததில் காபி ஆறிவிட்டது. ஆறின காபி எனக்கு ஆகாது, உனக்கே தெரியும். சமையலறைக்குப் போய் ஸிங்க்கில் கொட்டினேன். திரும்பினால் பின்னால் நிற்கிறாள். அழவில்லை, முறைக்கவில்லை. காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, கழுவி வைத்தாள். பிறகு குழந்தையின் புத்தகப் பையை எடுத்தாள், நாலு துணியை எடுத்தாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள். அப்பா வாசல் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். நிறுத்தவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆறின காபியைக் கொட்டினேன். இதற்காக ஒருத்தி குடும்பத்தை உடைத்துக்கொண்டு போவாளா? நீ அவள் புருஷன். எடுத்துச் சொல். குழந்தையின் ஸ்கூல் இங்கே பக்கத்தில் இருக்கிறது, தினம் அவ்வளவு தூரத்திலிருந்து வேனில் வருகிறது பாவம். நான் செத்தால் கொள்ளி வைக்க நீ வருவாய், அதுவரைக்கும் என்னோடு பேசுவதற்கு இந்த வீட்டில் யாராவது வேண்டாமா?

இப்படிக்கு, உன் நன்மையைத் தவிர வேறு நினைக்கத் தெரியாத
அம்மா,
அபிதகுஜாம்பாள்.


வெள்ளிக்கிழமை.

கேஷவ்,

கையெழுத்துப் போட்டு முடித்த கடிதத்தை மறுபடி எடுத்து எழுதுகிறேன். தபாலாபீஸ் போகவில்லை. கவரில் போட்டு, ஒட்டாமல், ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்.

புதன்கிழமை அங்காளம்மாவுக்குக் காபி கலந்தேன். "வாணாம்மா. எங்கூட்லயே குச்சிகினு வந்துட்டேன்" என்றாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் சொல்கிறாள். பெரும்பாக்கத்தில் விடியும் முன்னால் பஸ் பிடிக்கிறவள் எங்கே குடித்துவிட்டு வருவது? ஒரு வாய் குடியேன்டி என்றேன். "எனக்குன்னு எதுக்குமா தனியா சிரமம்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவிடம் போய், எல்லோரும் சேர்ந்துகொண்டு என்னை ஏன் இப்படி வதைக்கிறீர்கள், நீங்களும் ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உன் மேல கோபம் இல்லை, அபிதா. நானும் பார்த்துண்டுதானே இருந்தேன். பேச வெட்கமா இருக்கு" என்றார். நான் சண்டை போடலாம் என்று போனேன். இதற்கு என்ன சண்டை போடுவது?

அவர் வெள்ளிக்கிழமைதோறும் ஊரப்பாக்கம் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறார். சின்மயியின் ஸ்கூலுக்கு இன்று லீவு என்று காலையிலேயே கிளம்பினார். நானும் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். தாம்பரம் ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

ரயிலில் உட்கார்ந்து ஒரு முடிவு செய்துகொண்டேன். அவள் எதைக் கொடுத்தாலும், எதில் கொடுத்தாலும் குடித்துவிடுவது. தூக்கிக் குடிப்பதில்லை, வாய் வைத்தே குடிப்பது. எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, கேஷவ். நாக்கு புரளாது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் கூட நான் கேட்டதில்லை. ஆனால் அவள் பார்க்க ஒரு டம்ளர் காபியைக் குடித்தால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்காகவே காலையில் காபி குடிக்காமல் கிளம்பினேன். எனக்குக் காலைக் காபி இல்லாவிட்டால் தலை எப்படி இடிக்கும் என்று உனக்குத் தெரியும். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் இடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு ரூம், ஒரு சமையலறை, மொட்டை மாடி. துடைத்து வைத்த மாதிரி வைத்திருக்கிறாள். "வாங்கம்மா" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஃபேனைப் போட்டாள், கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒரு மரியாதையும் குறையவில்லை. சமையலறையிலிருந்து டிகாக்ஷன் வாசனை வந்தது. அப்பாவுக்கு டம்ளரில் காபி வந்தது, அவளும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டாள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சின்மயி ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. தட்டில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று, காகித டம்ளர் ஒன்று. "பாட்டி, இது புதுசு. யாருமே தொடலை. உனக்குன்னு தனியா கடையில வாங்கிண்டு வந்தேன்" என்றது.

மஹாலட்சுமி, "நீங்க இங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும்மா. அதான். தண்ணியாவது குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

குத்தலாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குத் தேவலை, நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நிஜமான அக்கறையோடுதான் சொன்னாள். எனக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று யோசித்து, பேத்தியைக் கடைக்கு அனுப்பி வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கும் காபி கொடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டிலைத் திறந்து, காகித டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். குடித்து முடித்ததும் குழந்தை அந்த டம்ளரை இரண்டு விரல் நுனியால் எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டது. அது யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று நான் இனி யாரையும் கேட்கப் போவதில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன். எதிர் சீட்டில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் பார்க்கிறாள் என்று கூடத் தோன்றவில்லை. அப்பா, "கேட்டிருந்தா குடுத்திருப்பா" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மாமியார் வீட்டுக்கு வந்த நாளாகக் கேட்காமலே கையில் வந்து பழகினவள் நான். எத்தனை பேருக்கு நான் எதில் எதிலோ கொடுத்திருக்கிறேன், அவர்கள் வாங்கிக்கொண்டபோது அவர்கள் தொண்டையில் என்ன இறங்கியது என்று ஒரு நாள் கூட யோசித்ததில்லை. இன்று அந்தத் தண்ணீர் இறங்கியபோதுதான் தெரிந்தது. இந்த வயசில் இது தெரிந்து என்ன பிரயோஜனம்?

முதலில் எழுதின பக்கங்களைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை. அதில் இருக்கிற கோபமும் என்னுடையதுதான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காபி ஆறிவிட்டது என்று எழுதியிருக்கிறேன் பார், அதை நம்பாதே. சூடாகத்தான் இருந்தது.

அவளைத் திரும்பி வரச் சொல் என்று இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன். எங்கே இருந்தால் அவளுக்கு நிம்மதியோ அங்கே இருக்கட்டும். என்னிடம் நீ பேசாவிட்டால் போகிறது, அவளோடு தினம் பேசு. உன்னையும் அவளையும் குழந்தையையும், கோவளத்துச் சம்பந்தியையும் பகவான் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். நான் சொல்கிற ஆசீர்வாதம் பலிக்குமோ என்னமோ, இருந்தாலும் சொல்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய். இனி வெள்ளிக்கிழமைதோறும் நானும் அப்பாவோடு ஊரப்பாக்கம் போவேன். காலையில் ஒன்றும் குடிக்காமல்தான் போவேன். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லாதே. பேச்சோடு பேச்சாக, நீயாகவே சொல்கிற மாதிரி மஹாலட்சுமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. கொடுத்தால் அம்மா குடிப்பாள் என்று சொல்.

அம்மா.